பதினேழு ஜன்னல்கள்

தெற்கே பிறந்தால் தென்றல் என்பது நம் வழக்கு.
புந்தா அரேனாஸில் தெற்குக் காற்று
பனிப்பாறையில் முகம் கழுவிக்கொண்டு வருகிறது.
மேல்காற்று அதற்கும் அண்ணன்.
போன அக்டோபரில்
ரொட்டிக்கடையின் பெயர்ப்பலகையைப் பிடுங்கி
ஜலசந்தியில் போட்டது.
மரங்களெல்லாம் கிழக்கே சாய்ந்து
பேருந்தைத் தவறவிட்டவர்கள்போல் நிற்கின்றன.

இந்த ஊரில்
தக்காளி போடப்போகிறாள்
எதுவீனா மன்சியா.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள்.
தமிழ்க் காதில் விழுந்தால்
அவள் பெயரே ஒரு கேள்வி:
எது வீணா?
கொல்லையைப் பார்த்தால் பதில் தெரியும்.
எதுவுமில்லை.

இடித்த பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் ஆறு.
ஒன்றின் சட்டத்தில்
யாரோ கத்தியால் கீறிய 'ரோசியோ +'.
கூட்டல் குறிக்கு அப்பால் மரம் உளுத்துவிட்டது.
பல் மருத்துவர் தூக்கிப்போட்ட பால்கண்ணாடி மூன்று.
நகரப் பேருந்தின் பின்கண்ணாடி ஒன்று,
'கதவருகே நிற்காதீர்' இன்னும் ஒட்டியிருக்கிறது.
பழைய படகிலிருந்து ஒரு வட்டச்சாளரம்,
அரை நாள் பேரம்.
மீதி ஆறு
அவள் வீட்டிலேயே கழற்றியவை.
அந்த இடங்களில் இப்போது ஒட்டுப்பலகை.
தக்காளிக்கு வெளிச்சம்,
தனக்கு விளக்கு.

எல்லாவற்றையும் புல்லில் பரப்பி
நடந்து நடந்து பார்த்தாள்.
ஒன்றின் அளவு ஒன்றுக்குப் பேசவில்லை.
சாக்பீஸால் கோடிட்டு, அழித்து,
பெரியதைக் கீழே வைத்து,
சந்துகளில் பெயின்ட் டின்னைத் தட்டி நிமிர்த்திய தகரம்.
கண்ணாடியும் கட்டையும் சேருமிடத்தில்
சைக்கிள் டியூபை நீளமாய் அறுத்து மடித்தாள்.
அது அவளாகக் கண்டுபிடித்தது.
அன்று மட்டும் தனக்குத்தானே
ஒரு பீர் வாங்கிக் கொடுத்தாள்.

மேற்கே காற்றுக்கு வேலி.
ஊசி நுழையாத பலகைச் சுவர்,
ஆள் உயரம்.
அடுத்த வீட்டு யெர்கோ பாரியென்தோஸ்
தட்டிப் பார்த்து
"கோட்டைதான்" என்றான்.

நாலாம் நாள் இரவு
காற்று கோட்டையோடு மல்லுக்கு நிற்கவில்லை.
மேலேறிக் குதித்து
உள்பக்கம் சுழன்று
சுவரை மல்லாத்தியது.
ஜன்னல்கள் நாலு போயின.
காலையில் எதுவீனா
கையுறை போட்டுக்கொண்டு
சில்லுகளை வாளியில் பொறுக்கினாள்.
ஒரு வார்த்தை வரவில்லை.
கெட்டவார்த்தைகூட.

பலகையில் பாதி பிளந்துவிட்டது.
வாங்கக் காசில்லை.
இருந்ததை வைத்து
ஒரு பலகை, ஒரு கை அகலம் வெறும் வெளி,
மறுபடி ஒரு பலகை என்று அறைந்தாள்.
யெர்கோ எட்டிப் பார்த்தான்:
"இது வேலியா, சீப்பா?"
அவள் ஆணியை வாயில் வைத்திருந்தாள்.
பதில் சொல்ல வாய்ப்பில்லை.

அன்றிரவும் காற்று வந்தது.
டார்ச்சோடு வெளியே போய்
மளிகைப் பையைக் கிழித்து
வேலியிலிருந்து ஓரடிக்கு ஒன்றாய்
குச்சிகளில் கட்டினாள்.
வெளிப்பக்க நாடாக்கள் பைத்தியம் பிடித்துத் துடித்தன.
உள்ளே
மூன்றாவது நாடா
யாரோ சொன்னதற்கு
ம், ம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.
அடைத்தால் ஆங்காரம் கொண்ட காற்று
சீப்பில் சிக்கெடுத்துக்கொண்டு
சாதுவாய் உள்ளே வந்திருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்,
காது மடல் மரத்துப்போகும்வரை.

ஞாயிற்றுக்கிழமை
யெர்கோ வீட்டுப் பக்கம்
ஆணி பிடுங்கும் கீச்சொலி.
மதியம் அவன் தோளில்
ஒன்பது பலகைகள்.
"எங்கள் வேலியில் மிச்சமாகிவிட்டது" என்றான்,
முகத்தை வேறு பக்கம் திருப்பி.

பிப்ரவரி.
இரவு ஒன்பதரைக்கும் வெயில்
பேருந்துக் கண்ணாடி வழியே
ஊசிப்போன வெண்ணெய் நிறத்தில் விழுகிறது.
கட்டைவிரல் கணுவளவு தக்காளி ஏழு.
இரண்டு சிவந்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள்;
நான் ஆரஞ்சு என்பேன்.

வட்டச்சாளரம்தான் தலைகீழ்.
வட்டத்துக்கு ஏது தலை என்று கேட்காதீர்கள்.
பக்கவாட்டில் இருக்கவேண்டிய கீல்
மேலே வந்துவிட்டது,
கையை விட்டால் படாரென்று மூடிக்கொள்கிறது.
ஒரு ஸ்பூனை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள்.
அடுத்த வாரம் சரிசெய்துவிடுவாளாம்.
மூன்று மாதமாக
அடுத்த வாரம்.
சூப் குடிக்கத்தான்
ஸ்பூன் ஒன்று குறைகிறது.